கனத்த படகும் ஒற்றை ஆளும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் வெள்ளைக்காரர்களின் விளையாட்டுப் பொருளாக மட்டும் நாம் பார்த்த கயாக், இப்போது நம் பகுதியில் சில வீட்டு வளவுகளுக்குள்ளும் வந்துவிட்டது. வாவியில் தூண்டில் போடவென்று இளைஞர்கள் பழையதை விலைபேசி வாங்குகிறார்கள். வாங்கும் இடத்தில் நான்கு பேர் சேர்ந்து தூக்கி லொறியில் போட்டுவிடுவார்கள். வீட்டில் இறக்கிய பிறகுதான் சங்கடம் தொடங்கும். மதிலோரம் கிடக்கும் அந்த நாற்பது கிலோவை ஒற்றை ஆளாக எப்படி வாகனத்தில் ஏற்றுவது, திரும்பிக் கொண்டுவந்து எங்கே வைப்பது? நம்மிடம் படித்த பிள்ளை ஒன்று அண்மையில் இதைத்தான் கேட்டது. "சேர், சுபஹு தொழுதிட்டு ஆத்துக்குப் போக ஆசைதான். தூக்கிவிட ஆள் தேடுறதுக்குள்ள வெயில் ஏறிடுது."

சின்னக் கேள்விதான். ஆனால் பதில் தேடிப் போனபோது நமக்கு ஒரு விடயம் பட்டது. கனத்த படகை ஒருவர் தனியாகக் கையாளுவது என்பது மனிதனுக்கு மிகப் புதிய பிரச்சினை. முன்பிருந்தவர்கள் படகைத் தம் கையின் அளவுக்குச் செய்தார்கள். கனமாகச் செய்தால், தூக்குவதற்கு ஆட்களைக் கூட வைத்திருந்தார்கள். கனமும் தனிமையும் ஒன்றாக வந்து சேர்ந்தது நம் காலத்தில்தான்.

கயாக்கின் தாயகத்திலிருந்தே தொடங்குவோம். கிறீன்லாந்திலும் கனடாவின் வடகோடியிலும் வாழும் இனுவிட் மக்களின் வேட்டைப் படகு அது. அங்கே மரம் வளர்வதில்லை. கடல் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கும் மரத்துண்டுகளைச் செதுக்கிச் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலைத் தைத்துப் போர்த்தினார்கள். தோலைப் பதப்படுத்துவதும், தண்ணீர் புகாதபடி தைப்பதும் பெண்களின் வேலை. ஒவ்வொரு கயாக்கும் அதில் இருக்கப்போகும் ஆணின் உடம்பை அளந்து செய்யப்பட்டது. கை நீளம், இடுப்பு அகலம், கால் நீளம் எல்லாம் கணக்கு. தையற்காரரிடம் சட்டை தைப்பது போலத்தான். கிறீன்லாந்துக் கயாக் பெரும்பாலும் இருபது கிலோவைத் தாண்டாது. வேட்டைக்காரர் உட்காரும் துவாரத்துக்குள் கையை நுழைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பனிமேல் நடந்துவிடுவார். குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் உமியாக் என்ற பெரிய தோல் படகும் அவர்களிடம் இருந்தது. அதைத் தூக்கப் பலர் வருவார்கள். ஒற்றை ஆளுக்கான படகு ஒற்றை ஆள் தூக்கும் கனம், கூட்டத்துக்கான படகு கூட்டம் தூக்கும் கனம்.

அந்தப் படகை எங்கே வைத்தார்கள் என்பதுதான் இன்னும் சுவை. தோல் நீண்ட நேரம் தண்ணீரில் ஊறினால் தளர்ந்து, நீர் குடித்துப் பாரமாகிவிடும். அதனால் கரைக்கு வந்ததும் உயர்த்திக் காயவைக்க வேண்டும். கீழே வைத்தால் இன்னொரு ஆபத்து: வண்டி இழுக்கும் நாய்கள் பசியில் படகையே தின்றுவிடும். ஆகவே உயரமான தாங்கிகள் செய்தார்கள். மரம் கிடைத்தால் மரத்தில், இல்லாவிட்டால் கல்லில். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில், இன்றைய இனுவிட்களின் மூதாதையரான தூலே மக்கள் வாழ்ந்த பழைய குடியிருப்புகளில், கயாக் தாங்கிய கற்குவியல்கள் சோடி சோடியாக இன்றும் நிற்கின்றன.  படகைப் பத்திரமாக வைப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு வேலை அல்ல. படகு போனால் அந்தக் குடும்பத்துக்குக் குளிர்காலத்தில் உணவு இல்லை.

நம் பக்கம் திரும்புவோம். வங்காள விரிகுடாக் கரையிலும் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். கட்டுமரம் என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது. கட்டிய மரம். கட்டியதை அவிழ்க்கவும் முடியும். மென்மையான, இலேசான மரங்கள் மூன்று, நான்கு, ஐந்து என்று சேர்த்துக் கயிற்றால் பிணைத்தது அது. இலேசான மரம் தண்ணீர் குடிக்கும். காலையில் கடலுக்குப் போனது பகலில் திரும்பும்போது பாரமாகிவிடும். அந்தப் பாரத்தை மணல்மேல் ஏற்ற ஓர் ஆளால் முடியாது. ஆகவே கரையில் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாக இழுத்து மேலே போட்டு, வெயிலில் காயவிட்டு, அடுத்த நாள் திரும்பவும் கட்டினார்கள். முழுப் படகையும் தூக்க ஆள் இல்லையென்றால் படகைப் பிரித்துவிடு! இதைவிட எளிய பொறியியலை நாம் கண்டதில்லை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி சோழமண்டலக் கரையில் இதைக் கண்டு, 1697இல் வெளியான தன் பயண நூலில் கட்டுமரம் என்ற பெயரையும் சேர்த்தே எழுதினார். இன்று உலகம் முழுவதும் இரட்டை உடல் கொண்ட ஆடம்பரப் படகுகளுக்குக் கட்டமரான் என்று பெயர். பெயரை எடுத்துக்கொண்டு போனவர்கள் அவிழ்க்கும் வித்தையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வேல்ஸ் நாட்டில் ஆற்று மீனவர்கள் நம் காவேரிப் பரிசல் போன்ற ஒரு சிறு படகை முதுகில் ஆமை ஓடு போல மாட்டிக்கொண்டு நடப்பார்கள். ஒரு மனிதனின் சுமை அவனது பரிசல் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. படகு எவ்வளவு பாரமாக இருக்கலாம் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அளவுகோல் அதுதான்.

இனி, "தனியாகப் போனேன்" என்று புத்தகம் எழுதிப் புகழ்பெற்றவர்களின் காலம்.

ஐரோப்பாவில் கயாக் போன்ற சிறு படகுப் பயணத்தைப் பிரபலமாக்கியவர் ஜோன் மெக்கிரெகர் என்ற ஸ்கொட்லாந்து வழிவந்த வழக்கறிஞர். 1865இல் ஓக் மரப் பலகையில் 15 அடி நீளத்தில் ஒரு படகு செய்வித்து, அதற்கு ரொப் ரோய் என்று பெயரிட்டார். எடை 80 இறாத்தல், அதாவது சுமார் 36 கிலோ. நம் பிள்ளைகள் வாங்கிவைத்திருக்கும் பிளாஸ்டிக் கயாக்கின் எடைக்கு மிகக் கிட்ட. அந்தக் கனத்தோடு அவர் ஐரோப்பாவின் ஆறுகளையும் ஏரிகளையும் சுற்றினார். எப்படித் தூக்கினார்? அவர் தூக்கவில்லை. ரயில் நிலையத்தில் கூலியாட்கள், மலைப்பாதையில் குதிரை வண்டி, கிராமங்களில் வேடிக்கை பார்க்க வந்த சனம். 1868–69 குளிர்காலத்தில் இன்னொரு ரொப் ரோயுடன் சுயஸ், செங்கடல், டமஸ்கஸ், ஜோர்தான் நதி என்று நம் மார்க்க வரலாற்றோடு தொடர்புடைய இடங்களுக்கெல்லாம் போனார். ஹூலா ஏரிப் பக்கத்தில் அரபு மக்கள் அவரைச் சூழ்ந்து பிடித்து, படகை அவரோடு சேர்த்தே தூக்கித் தங்கள் தலைவரின் கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள். சிறைப்பிடித்ததா, விருந்துக்கு அழைத்ததா என்று இரண்டு பக்கமும் தெரியாத நிலை! எப்படியோ, பாரம் சுமந்தது அவர் அல்ல. தனியாள் என்ற பெயர் அவருக்கு, தோள் ஊராருடையது.

கூலியாள் வைக்க வசதியில்லாதவர்களுக்கு வழி திறந்தது ஜேர்மனியில். மியூனிக் நகரில் அல்பிரட் ஹொய்ரிக் என்ற மாணவர் 1905இல் மடித்துப் பைக்குள் வைக்கக்கூடிய கயாக் ஒன்றைச் செய்தார். சட்டத்தைக் கழற்றலாம், போர்வையைச் சுருட்டலாம். ரோசன்ஹைமில் தையற்கடை வைத்திருந்த யொஹான் கிளெப்பர் 1907இல் அந்த உரிமையை வாங்கித் தொழிலாக ஆக்கினார். படகு செய்யும் தொழில் தையற்காரர் கைக்குப் போனதைக் கவனியுங்கள். இனுவிட் பெண்களின் ஊசிக்கு அது திரும்பிப் போனது போல இருக்கிறது. வாகனமும் இல்லாமல், படகு வைக்க வளவும் இல்லாமல், மாடி அறையில் குடியிருந்த தொழிலாளிகளும் மாணவர்களும் ஞாயிறு காலையில் படகை முதுகில் சுமந்து ரயிலேறி ஆற்றுக்குப் போனார்கள். மாலையில் மடித்துக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே தள்ளினார்கள். வீட்டில் படகு வைக்கும் பிரச்சினைக்கு இதுவரை கிடைத்த பதில்களில் இதுவே மிக நேர்த்தியானது என்பது நம் கருத்து. நம் கட்டுமரக்காரர்களின் யோசனைக்குச் சொந்தக்காரப் பிள்ளை.

அப்படி ஒரு மடிக்கும் கயாக் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. இதை நம் ஊரவர்களில் எத்தனை பேர் அறிவோம்?

ஒஸ்கர் ஸ்பெக் ஹம்பர்க்கில் மின்சார வேலை ஒப்பந்தக்காரராக இருந்தவர். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் தொழில் படுத்துவிட்டது. சைப்பிரஸ் தீவின் செப்புச் சுரங்கங்களில் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, 1932 மே மாதம் உல்ம் நகரில் டானியூப் நதியில் கயாக்கை இறக்கினார். வேலை தேடி நாடுவிட்டுப் போன இளைஞன். இந்தக் கதை நம்மவர்களுக்குப் புதிதல்ல. வாகனம் மட்டும்தான் வேறு. படகு 18 அடி நீளம், இரண்டு பேருக்கானது. முன்னிருக்கையை எடுத்துவிட்டு ஒருவருக்காக மாற்றியிருந்தார். வெறும் படகு சுமார் 30 கிலோ. உள்ளே ஏற்றும் பாரமோ பத்து மடங்கு வரை போகும்: குடிநீர், டின் உணவு, உடுப்பு, வரைபடங்கள், கமரா. இத்தனையும் கடல் நடுவே போன அந்த மனிதருக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லப்படுகிறது.

சைப்பிரஸ் போனதும் சுரங்க வேலையை மறந்துவிட்டார். சிரியாக் கரையில் ஏறி, படகை மடித்து, பஸ்ஸில் யூப்ரடீஸ் நதிக்குக் கொண்டுபோய் அங்கே விரித்தார். ஈராக் வழியாகப் பாரசீக வளைகுடா. அங்கே மலேரியா, அங்கேயே படகு களவு. பிறகு பலுசிஸ்தான் கரை, கராச்சி, பம்பாய், மலபார் என்று துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து 1935இல் இலங்கையை அடைந்தார். நம் மூப்பன்மார் பலர் பிறக்கும் முன்போ, கைப்பிள்ளையாக இருந்தபோதோ, ஜேர்மனியிலிருந்து ஓர் ஆள் கயாக்கில் கொழும்புக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இங்கிருந்து சென்னை, கல்கத்தா, பர்மா, மலாயா, ஜாவா. வழியில் ஒரு தீவில் கட்டிவைத்து அடிக்கப்பட்டு ஒரு காதின் சவ்வு கிழிந்தது. 1939 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சாய்பாய் தீவில் கரையேறினார். ஏழு வருடம், சுமார் 50,000 கிலோமீற்றர். கரையில் நின்ற பொலிஸார் முதலில் வாழ்த்தினார்கள், பிறகு கைது செய்தார்கள். அந்த மாதம்தான் இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது, அவர் எதிரி நாட்டவர். போர் முடியும்வரை தடுப்பு முகாம். பிறகு அங்கேயே தங்கி ஓப்பல் கல் வியாபாரம் செய்து வயதாகி மறைந்தார். அவரது பயணச் சாமான்கள் சிட்னியில் உள்ள அவுஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஸ்பெக்கின் கதையை நாம் வீரக்கதையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாலையும் அவர் செய்திருக்க வேண்டிய வேலையை எண்ணிப் பாருங்கள். ஏற்றிய படகு முந்நூறு கிலோவுக்கு மேல். அதை அலை அடிக்கும் மணலில் ஒற்றை ஆளால் ஒரு முழம்கூட நகர்த்த முடியாது. ஆகவே முதலில் பாரத்தை இறக்க வேண்டும். தண்ணீர்க் கலன், பைகள், பெட்டி என்று ஒவ்வொன்றாக மேட்டுக்குக் கொண்டுபோய், கடைசியாக வெறும் படகை இழுக்க வேண்டும். காலையில் அதே வேலை தலைகீழாக. கட்டுமரக்காரர் படகைப் பிரித்தார், இவர் பாரத்தைப் பிரித்தார். துடுப்புப் போடுவதைவிட ஏற்றுவதும் இறக்குவதும்தான் ஏழு வருடப் பயணத்தின் பெரிய பாதி என்று நமக்குத் தோன்றுகிறது. புத்தகங்களில் அந்தப் பாதிக்கு இரண்டு வரிதான் கிடைக்கும்.

ஏற்றி இறக்குவது உயிரோடு சம்பந்தப்பட்ட இடமும் உண்டு. 1942 டிசம்பர் 7ஆம் திகதி இரவு, பிரான்ஸ் கரைக்கு அப்பால் டூனா என்ற பிரித்தானிய நீர்மூழ்கியிலிருந்து ஆறு கயாக்குகளை இறக்க ஏற்பாடு. ஜேர்மனியர் பிடித்துவைத்திருந்த போர்தோ துறைமுகத்தில் கப்பல்களுக்கு வெடி வைப்பதுதான் திட்டம். நீர்மூழ்கியின் ஒடுங்கிய வாயிலுக்குள் நுழையவேண்டும் என்பதற்காகவே பக்கங்கள் மடியும்படி அந்தப் படகுகள் வடிவமைக்கப்பட்டிருந்தன. வெடியும் உணவும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்த படகைத் தூக்கி இறக்க நீர்மூழ்கியின் பீரங்கிக் குழாயையே பாரந்தூக்கியாகப் பயன்படுத்தினார்கள். அப்படியிருந்தும், கச்சலொட் என்ற ஆறாவது படகை வாயில் வழியாக வெளியே எடுக்கும்போது துணி கிழிந்துவிட்டது. அதில் போகவிருந்த இருவரும் பின்தங்க வேண்டியதாயிற்று. மற்ற ஐந்து படகுகளில் போன பத்துப் பேரில் உயிரோடு திரும்பியவர்கள் இருவர் மட்டுமே. படகை வெளியே எடுக்கையில் ஏற்பட்ட ஒரு கிழிசலால் இரண்டு பேரின் ஆயுள் நீண்டது. அல்லாஹ்வின் ஏற்பாடு.

பிறகு வந்ததுதான் பிளாஸ்டிக். 1970களில் அமெரிக்காவில் பொலிதீன் தூளை அச்சுக்குள் போட்டு, சூடாக்கிச் சுழற்றி, ஒரே துண்டாகக் கயாக் வார்க்கத் தொடங்கினார்கள். நம் வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தாங்கி செய்வதும் இதே முறையில்தான். கல்லில் மோதினாலும் உடையாது, விலை மலிவு, பராமரிப்பு குறைவு. ஆனால் கனம். மேலே உட்காரும் இருவர் கயாக் முப்பது, நாற்பது கிலோ. தூண்டிலுக்கென்று செய்த அகலமானவை ஐம்பதையும் தாண்டும். அவற்றை உருவாக்கிய நாட்டில் வீட்டுக்கு வீடு கார், காருக்குமேல் தாங்கி, பெரிய கெரேஜ். நமக்கு வந்தது கயாக் மட்டும்தான்.

இதே மாதிரி ஒன்று நம் கடற்கரையில் இதற்கு முன்பே நடந்துவிட்டது.

கரைவலை இழுத்த காலத்தை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வலைக்கு இருபது, முப்பது பேர். கனத்த தோணியைத் தள்ளி இறக்க அத்தனை தோளும் சேரும். உருளைக் கட்டையை முன்னால் போட்டு, பின்னால் வந்ததை எடுத்து ஓடிப்போய்த் திரும்பவும் முன்னால் போடுவது சின்னப் பையன்களின் வேலை. அம்பாப் பாட்டின் தாளத்துக்குத் தோள் கொடுத்தால் பாரம் பாதியாகிவிடும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அது கற்பனை அல்ல. எல்லாரும் ஒரே நொடியில் தள்ளவைப்பதற்குத்தான் அந்தப் பாட்டு. அன்று தோணி எவ்வளவு கனமாக இருந்தாலும் கவலையில்லை, கை இருந்தது.

2004 டிசம்பர் 26 காலையில் மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக் கரைகளில் மனிதர்களோடு படகுகளும் போயின. நிவாரணமாகப் பிறகு வந்தவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள், நாம் சொல்லும் பைபர் போட். அவற்றில் சில தரக்குறைவு என்ற பேச்சு அன்றே இருந்தது, அது வேறு கதை. கவனிக்கவேண்டியது இதுதான்: சில நூறு கிலோ எடையுள்ள படகு, அதற்கு மேல் இயந்திரம். அதேசமயம் இளைஞர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் துபாய்க்கும் போய்க்கொண்டிருந்தார்கள். படகு கனத்துக்கொண்டே போக, கரையில் கை குறைந்துகொண்டே போனது. இன்று வாடைக்காற்று எழும்பினால் அறுபது வயது வாப்பா ஒருவர் படகை மேட்டுக்கு ஏற்ற ஆள் தேடி வாடி வாடியாக நடக்கிறார். மகன்மார் வீடியோ அழைப்பில் "வாப்பா, தனியாத் தூக்காதீங்க" என்கிறார்கள். ட்ரக்டரும் வின்சும் வந்ததும், அதைச் சுற்றிச் சர்ச்சை எழுந்ததும் நாம் அறிந்தவையே. இடுப்புப் பிடித்துத் தொழிலை விட்டவர்களை எண்ணினால் ஊருக்கு ஊர் ஒரு பட்டியல் வரும்.

ஒருவரை அவரது வாகனத்தில் ஏற்றிவிடுவதும், அவரது பொருளை அதன்மேல் தூக்கிக் கொடுப்பதும் ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அன்று ஒட்டகம், இன்று வேனும் லொறியும். சுபஹு முடிந்து பள்ளியால் வெளியே வரும் நாலு பேருக்கு இரண்டு நிமிட வேலை இது. கேட்க வெட்கப்படுவதுதான் தடை.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ஆள் இல்லாத நாளில் என்ன செய்வது?

முன்னோர் சொன்னதெல்லாம் ஒன்றுதான், முழுப் பாரத்தையும் ஒரே தடவையில் எடுக்காதே. கயாக்கைப் பிரிக்க முடியாது, ஆனால் பாரத்தைப் பிரிக்கலாம். ஒரு நுனி தரையில் இருக்க மறு நுனியை மட்டும் தூக்கினால் கையில் வருவது ஏறக்குறைய பாதி. நாற்பது கிலோ கயாக்கில் இருபது, ஒரு சீமெந்துப் பக்கற்றை விட மிகக் குறைவு. வேனின் பின்புறம் கயாக்கை நேராக வையுங்கள். கூரையின் பின் விளிம்பில் பழைய கம்பளமோ தடித்த சாக்கோ போடுங்கள். முன் நுனியைத் தூக்கி அதன்மேல் சாய்த்துவிட்டு, பின் நுனிக்கு நடந்து வந்து, அதைத் தூக்கித் தள்ளுங்கள். எந்த நேரத்திலும் பாதிப் பாரம்தான் உங்களிடம், மீதியை வேனோ தரையோ வைத்திருக்கும். வேன் உயரமென்றால் இரண்டு நீளப் பலகையைச் சாய்த்து வைத்து அதன்மேல் ஏற்றலாம். முழங்காலை மடித்துத் தூக்குங்கள், முதுகை வளைத்து அல்ல. ஏற்றிய பின் நடுவில் இரண்டு பட்டி போதாது, முன் நுனியையும் பின் நுனியையும் வாகனத்தோடு கட்டவேண்டும். வீதியில் காற்று கீழாகப் புகுந்து தூக்கும்.

ஆறு கிட்ட இருந்தால் வேன் எதற்கு? இரண்டு சில்லு வைத்த சிறு வண்டி ஒன்றை எந்த வெல்டிங் கடையிலும் செய்விக்கலாம். சில்லைக் கயாக்கின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் முன் நுனியில் கைக்கு வரும் பாரம் சொற்பம். சைக்கிள் சில்லு தார் வீதிக்கு நல்லது, மணலில் புதையும். மணலென்றால் அகலச் சில்லு, அல்லது நம் கரைவலைக்காரர் வழியில் கீழே பலகை போட்டு அதன்மேல் உருளைக் கட்டை.

வைக்கும் இடம். இனுவிட்டுக்கு நாய் எதிரி, நமக்கு வெயில். பொலிதீன் வெயிலில் கிடந்தால் வெளிறி, வருடங்கள் போக நொறுங்கும். சூட்டில் இளகி, கீழே இருக்கும் கல்லின் வடிவம் அடியில் குழியாக விழும். ஆகவே நிழலான சுவரோரம் நல்லது. இரண்டு நுனியிலும் கயிறு போட்டுத் தொங்கவிட்டால் நடு வளைந்துவிடும். அகலமான பட்டி இரண்டில், நீளத்தின் கால்பங்கு அளவு இரு பக்கமும் உள்ளே தள்ளித் தாங்கவைக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்து வைப்பது இன்னும் நல்லது. தாங்கியின் உயரம் இடுப்புக்கு மேல் வேண்டாம். தனியாள் தலைக்கு மேலே தூக்கி வைப்பது ஒரு நாள் நடக்கும், எல்லா நாளும் நடக்காது. உயரத்தில்தான் இடம் இருக்கிறதென்றால் கப்பி போடுங்கள். நான்கு மடிப்புக் கயிறு ஓடும் கப்பியில் நாற்பது கிலோ, உராய்வையும் சேர்த்து, பத்துப் பன்னிரண்டு கிலோவாகக் கைக்கு வரும். போடுமுன் கூரை வளையைக் கறையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். துவாரங்களை வலையால் மூடாவிட்டால் மாரியில் பாம்பு குடிவரும்.

இப்படித் தாங்கி செய்ய மரம் தேவைப்பட்டால் புதிதாக வாங்குமுன் வீட்டுப் பின்பக்கம் பாருங்கள். கரைவலைக் காலத்து உருளைக் கட்டைகள் சில வளவுகளில் இன்னும் கிடக்கின்றன, விறகாகப் போகுமுன் அவற்றைப் படம் எடுத்து நமக்கு அனுப்புங்கள். தெப்பம் கட்டத் தெரிந்த மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எத்தனை மரம், என்ன மரம், எந்த முடிச்சு என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவு அதைப் பற்றியது, இன்ஷா அல்லாஹ்.